பதில் பாட்டுக்கு முன்னால் விழுந்த படுதா

தம்பி தங்கைகளே, உங்கள் கூட்டத்துக்கு வந்து பேசச் சொன்னீர்கள். பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும், கோபம் வந்தால் பாதி விஷயம் மறந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஆயர் குரோவில் நீங்கள் நடத்திய கச்சேரிக்கு வந்திருந்தேன். எலும்பு, மூட்டு நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் கச்சேரி. விளக்கும் ஒலியும் பிரமாதம், அதில் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து மேடையில் நிறுத்தினீர்கள். அவர் முட்டியின் படம் பின்னாலிருந்த திரையில் பெரிதாகத் தெரிந்தது. கூடவே சோகமாகப் புல்லாங்குழல் ஊதினீர்கள். அவர் குனிந்துகொண்டே இருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்படி நிறுத்துவது அவருக்குச் சம்மதமா என்று உங்களில் யார் அவரைக் கேட்டீர்கள்? கேட்டிருந்தால் சந்தோஷம். கேட்காமல் செய்திருந்தால், நான் இப்போது சொல்லப்போவது உங்களுக்குத்தான்.

நான் பாடகன் இல்லை, டாக்டரும் இல்லை. நாற்பது வருடம் மேடையின் ஓரத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன். இளவயதில் தோட்டம் தோட்டமாகச் சுற்றிய ஒரு நாடகக் கம்பெனியில் படுதா இழுக்கும் வேலை பார்த்தேன். கம்பெனி கலைந்ததும் மலாக்காவிலேயே தங்கி, காஜா பெராங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். பள்ளி விழா, சங்க ஆண்டு விழா என்று எங்கே மேடை போட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நாடகக் கம்பெனியில் எனக்குச் சொல்லித்தந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். நடிகனுக்கு வசனம் மறந்துபோனாலும், தொண்டை கட்டினாலும், வேட்டி அவிழ்ந்தாலும் படுதாவைப் போட்டுவிட வேண்டும். அடுத்த நிமிடம் பபூனை வெளியே தள்ளிவிட வேண்டும். ஜனங்கள் சிரித்து முடிப்பதற்குள் உள்ளே எல்லாம் சரியாகிவிடும். மேடையில் நிற்பவனின் மானம் படுதாக்காரன் கையில் என்பார்கள். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. எத்தனையோ பேர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று காபிக் கடையில் உட்கார்ந்து அளப்பேன்.

மெர்டேக்கா, நம் நாட்டுச் சுதந்திரம், வந்த புதிது. எது வேண்டுமானாலும் நம்மால் செய்ய முடியும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்துக்காரரான எலும்பு டாக்டர் ஒருவர் இருந்தார். மூட்டில் காசநோய் வந்து படுத்தவர்கள் அவர் வார்டில் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், மாவுக்கட்டோடு கிடந்தார்கள். மூட்டு முழுக்கக் கெட்ட பிறகுதான் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்பது அவருடைய துக்கம். கெடுவதற்கு முன்பே அதைக் கண்டுகொள்ள ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று கம்பம் கம்பமாக, அதாவது கிராமம் கிராமமாக, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதித்து, பல வருடங்கள் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று அவர் துடித்தார். அந்த ஆராய்ச்சிக்குத்தான் கச்சேரி.

மேடை விஷயமாகப் பேசப் போன என்னை ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போய், ஓர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதற்கு முன் நான் எக்ஸ்ரே பார்த்ததில்லை. உயிரோடு இருக்கும் ஒரு மனுஷியின் உள்ளே இருக்கும் எலும்பு, வெள்ளை வெளேரென்று, ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தின் மேல் தெரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“இது நல்ல பக்கம். பார்த்தீரோ, கிண்ணத்துக்குள்ள பந்து இருக்கிற மாதிரி இருக்கு. இனி இந்தப் பக்கத்தைப் பாரும்” என்றார்.

அந்தப் பக்கத்தில் கிண்ணமும் இல்லை, பந்தும் இல்லை. இரண்டும் ஒன்றாக உறைந்திருந்தன.

“நோய் மாறிட்டுது. ஆனா இந்த இடுப்பு இனி மடங்காது. அந்தப் பிள்ளை இனிக் கதிரையில இருக்கேலாது. நிக்கலாம், படுக்கலாம், தடி ஊன்றி நடக்கலாம். அவ்வளவுதான்.” நோய் குணமாகிவிட்டது, ஆனால் அவளால் இனி நாற்காலியில் உட்கார முடியாது என்பதை அவர் ஊர்ப் பேச்சில் சொன்னார்.

அந்தப் பிள்ளையின் பெயர் தேவகி. காஜா பெராங் செட்டி கம்பத்துப் பெண்; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர் வழி வந்தவர்கள் அந்தச் செட்டிகள். இருபது வயதிருக்கும். படுக்கையில் விழுவதற்கு முன்னால், டொண்டாங் சாயாங் பாடுவதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்றார்கள். டொண்டாங் சாயாங் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வயலின், ரெபானா மேளம், கோங் இவற்றோடு இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று மலாயில் நாலு நாலு அடியாகப் பாடுவது. ஒருவர் பாடுவதற்கு மற்றவர் அங்கேயே பதில் கட்டிப் பாட வேண்டும்.

கச்சேரிக் குழுவுக்குத் தலைவர் பண்டார் ஹிலிரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் நானா. நாகூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய பாட்டனார் காலத்திலேயே வந்த குடும்பம். தங்கமான மனிதர். அவர் தங்கை மகன் ஒருவன் அதே வார்டில் கிடந்தான். தேவகி பாட வேண்டும் என்பது அவருடைய யோசனைதான். ஆனால் அவருக்கு வேண்டியது பாட்டு மட்டும் இல்லை.

“தம்பி, அந்தப் புள்ள மேடையில இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் நடக்கணும். ஜனங்க கண்ணால பாத்தாத்தான் மனசு எளகும்லா. நாம வாயால சொன்னா யாரு கேப்பா?” என்றார்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பொய் சொல்வானேன்? தேவகியிடம் இதைச் சொல்லிவர என்னை அனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே சாமி படம், அவள் நெற்றியில் பொட்டு. நான் பாட்டுக்குத் தமிழில் பேசிக்கொண்டே போனேன். அவள் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொன்னாள். செட்டி வீடுகளில் பேச்சு மலாய்தான் என்பது அந்த வட்டாரத்திலேயே குடியிருந்த எனக்குத் தெரியாததில்லை. பொட்டைப் பார்த்ததும் நாக்கு தானாகத் தமிழுக்குப் போய்விட்டது. அவள் சொன்னதையெல்லாம் நாம் பேசுகிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன்.

என்னை ‘அபாங்’, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டு, ஜன்னல் கட்டையில் சாய்ந்து நின்றபடியே பேசினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

“அபாங், நான் பாடுறேன். ஆனா நடக்க மாட்டேன். படுதா தொறக்கும்போது நான் நின்னுக்கிட்டு இருக்கணும். பாட்டு முடிஞ்சதும் மூடிடணும். நான் நடக்கிறத இந்த ஊர்ல ஒருத்தரும் பாக்கக் கூடாது. ஆஸ்பத்திரிலேருந்து வந்த நாள்லேருந்து பகல்ல நான் வீட்டு வாசல் தாண்டினதில்ல, தெரியுமா?”

நான் என்னவோ அவளைத் தேற்றுகிற நினைப்பில், “இந்த ஆராய்ச்சி நல்லபடியா முடிஞ்சா உன் காலும் சரியாயிடும்” என்று சொல்லிவைத்தேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “டாக்டர் உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா?”

“இல்லை.”

“எங்கிட்ட உண்மையைச் சொல்லிட்டார். எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. வரப்போற புள்ளைங்களுக்குத்தான். தெரிஞ்சுதான் பாட ஒத்துக்கிட்டேன்.”

தனக்கு ஒரு துளியும் திரும்பி வராது என்று தெரிந்தே ஊர் முன்னால் வந்து நிற்கப்போகிறாள். நானாவிடம் போய், நடக்க மாட்டாள், அதுதான் பேச்சு என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது, ஆனால் ஒத்துக்கொண்டார். தேவகியிடம் திரும்பிப் போய், “நான் இருக்கிற வரைக்கும் நீ நடக்கிறத யாரும் பாக்க மாட்டாங்க. படுதா என் கையில்” என்று சத்தியம் செய்துகொடுத்தேன். அந்தச் சத்தியம்தான் இந்தக் கதை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், காஜா பெராங் சாலையை ஒட்டியிருந்த ஒரு பள்ளிக்கூட மண்டபம். வார்டிலிருந்து நோயாளிகளையும் கூட்டிவந்து, பொழுது சாய்வதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதால் பகலிலேயே வைத்துக்கொண்டோம். லாரியில் வந்த அவர்களைக் கான்வாஸ் கட்டில்களோடு முன்வரிசையில் படுக்க வைத்தார்கள். மார்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போட்டவர்கள், கழுத்தை மட்டும் திருப்பி மேடையைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மொத்த மலாக்காவும் இருந்தது. செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கி ஆட்கள், தெங்கேராவிலிருந்து வந்த, மலாய் பேசும் சீன பாபா குடும்பங்கள், சட்டைப் பையில் பேனா செருகிய வாத்தியார்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். செட்டி கம்பம் அப்படியே திரண்டு வந்து இடது பக்கத்தை அடைத்துக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் தேவகியின் அம்மாவும் இருந்தார்.

இரண்டு தமிழ்ப் பாட்டும் ஒரு வீணையும் ஆனபின் தேவகியின் முறை. மூடிய படுதாவுக்குப் பின்னால் அவள் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நடுவில் நின்றாள். தடி தெரியாதபடி முன்னால் ஒரு பூத்தொட்டியை நகர்த்தி வைத்தேன். எதிரே அவளோடு பாட நின்றவர் அவளுடைய தாய்மாமன். அந்த ‘மாமா’ ஒன்றை மட்டும் அவர்கள் தமிழிலேயே வைத்திருந்தார்கள், அதனால் நானும் மாமா என்றே எழுதுகிறேன். ஐம்பது வயதுக்காரர். கிண்டலுக்குப் பேர்போனவர். மேடைக்கு வந்ததிலிருந்து அவர் தேவகி முகத்தைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

படுதாவைத் திறந்தேன்.

அவள் குரலைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்று வருடம் மல்லாந்து படுத்துக் கிடந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மாமா கொஞ்சம் தயங்கித் தயங்கி, பூ, நிலா என்று மென்மையாகப் பாடினார். அவள் இரண்டு முறை மென்மையாகவே பதில் சொன்னாள். மூன்றாவது முறை பதிலோடு சேர்த்து அவரை ஒரு குத்துக் குத்தினாள். நரைத்த மீசைக்கு மை தடவுவதைப் பற்றி என்னவோ பாடினாள். கூட்டம் சிரித்தது. மாமா நிமிர்ந்து அவளை அன்றைக்கு முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார். அப்புறம் பாடினார். மெட்டை விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் சொல்கிறேன்:

தெங்கேராவில் விடிந்ததும் மீன் வியாபாரம்,
கூடை சுமந்து போகிறாள் ஒரு பெண்.
எல்லாப் படகும் நேராய் வருகிற கடலில்
சாய்ந்து வருகிற படகில் ஏறுவது யார்?

இடது பக்கத்துக் கூட்டம் ‘ஓ’ என்று கத்தியது. எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தப் பெண்ணின் காலையா, ஊர் முன்னாலா, அதுவும் சொந்த மாமனா! தேவகியைப் பார்த்தேன். தலை குனிந்திருந்தது. தடியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. வயலின் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான், அழப்போகிறாள், இல்லாவிட்டால் விழப்போகிறாள் என்று நினைத்தேன். நாடகக் கம்பெனியில் கற்ற பாடம் கையில் தானாக ஓடியது. கயிற்றை விட்டேன்.

படுதா விழுந்தது.

அந்தக் கணம் நான் என்னைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

“பூக்கா! பூக்கா!” திற, திற என்று மாமா என்னைப் பார்த்துக் கத்தினார். “உனக்குப் பைத்தியமா?”

வயலின்காரர் நிறுத்தவில்லை. மூடிய படுதாவுக்குப் பின்னால் அதே மெட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். பதில் வரும்வரை வயலின் நிற்கக் கூடாது, நின்றால் பாட வேண்டியவர் தோற்றதாக அர்த்தம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தேவகி என்னை நோக்கித் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“வாயில வந்துடுச்சு அபாங். பதில் வாயில வந்துடுச்சு. நீங்க மூடிட்டீங்க.”

“அவர் உன் காலைப் பத்தி...”

“ஆமா, என் காலைப் பத்திதான். நான் படுத்த நாள்லேருந்து மாமா எங்கிட்ட ஒரு கிண்டல் பண்ணல. கட்டில் பக்கத்துல வந்து நிப்பார், பழம் குடுப்பார், போயிடுவார். செத்தவங்களப் பாக்கிற மாதிரி பாப்பார். இன்னிக்குத்தான் என்னைப் பாடகின்னு நெனச்சுப் பாடினார். அதுக்குள்ள மூடிட்டீங்க.”

தலை குனிந்திருந்தது யோசிப்பதற்காக. நடுக்கம் என்று நான் நினைத்தது, தடியின் மேல் அவள் விரல்கள் போட்ட தாளம். கண்ணால் பார்த்தேன், காரியத்தைப் பார்க்கவில்லை.

வெளியே சலசலப்பு ஏறியது. ‘விழுந்துட்டா, விழுந்துட்டா’ என்று ஒரு வரிசை இன்னொரு வரிசைக்குச் சொல்வது உள்ளே கேட்டது. அவள் அம்மா மகள் பெயரைச் சொல்லி அலறினார். நானா பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

“என்னாச்சு தம்பி? மயக்கமா? சரி, தாப்பா, பரவால்ல. நான் மைக்கில போய் உடம்புக்கு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லிடுறேன். ஜனங்க புரிஞ்சுக்குவாங்க. நீ அடுத்த பாட்டு ஆள அனுப்பு.”

அவர் பின்னாலேயே வந்த டாக்டர் தேவகியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். மாமா தூண் பக்கம் திரும்பிக்கொண்டு, பாடியிருக்கக் கூடாது, பாடியிருக்கக் கூடாது என்று தனக்குள் முனகத் தொடங்கியிருந்தார். அதைப் பார்த்ததும் தேவகியின் முகம் மாறியது. பயந்துவிட்டாள் என்று சொன்னால் சரியாக இருக்கும். இப்போது விட்டால் மாமா இனி அவள் முன்னால் என்றைக்குமே பாட மாட்டார். மீண்டும் பழம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

“நாடி ஒழுங்காத்தான் இருக்கு. அவ நிக்கிறன் எண்டு சொன்னா நிக்கட்டும்” என்றார் டாக்டர்.

“நெல்லா இருக்கே! இன்னொரு தடவ விழுந்தா யாரு பதில் சொல்றது?” என்றார் நானா.

“அவ ஒருக்காலும் விழேல்லையே.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கயிறு என்னிடம் இருந்தது. எனக்குச் சம்பளம் தருபவர் மூடியே வை என்கிறார். நான் தேவகியைப் பார்த்தேன். அன்றைக்கு முதல் தடவையாக அவளைக் கேட்டேன்.

“என்ன செய்யட்டும்?”

“தொறங்க. தொறந்தா மறுபடி மூடாதீங்க.”

“மூடலன்னா நீ நடந்துதான் வெளியே வரணும். எல்லாரும் பாப்பாங்க.”

“தெரியும். இப்ப நான் பாடிட்டு நீங்க படுதாவப் போட்டா, உள்ள தூக்கிட்டுப் போனாங்கன்னுதான் ஊரு சொல்லும். நடந்து காட்டினாத்தான் நம்புவாங்க. நீங்க பண்ணி வெச்ச வேல.”

அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத்தான் நான் காப்பாற்றவில்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியே அதைத் தொலைத்தேன். நானா, “தம்பி, வேணாம்” என்று சொல்லி முடிப்பதற்குள் திறந்தேன்.

மண்டபம் அடங்கியது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். காலால் பூத்தொட்டியை நகர்த்த முயன்றாள், முடியவில்லை. மாமா வந்து அதைத் தூக்கி ஓரமாக வைத்தார். தடி எல்லாருக்கும் தெரிந்தது. வயலின் இன்னும் ஒரு சுற்று வந்ததும் பாடினாள்:

பண்டார் ஹிலிரில் பகலெல்லாம் வெயில்,
குடை பிடித்துப் போகிறார் மாமா.
சாய்ந்த பக்கம்தான் வலை நிறைய மீன்.
நேராய் வந்த படகைத் தட்டிப் பாருங்கள், வெறும் பலகை!

மாமா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார். அப்புறம் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி மருமகளைக் கும்பிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான். செட்டி கம்பம் எழுந்து நின்று கத்தியது. தமிழர்களுக்கும் சீனர்களுக்கும் கூட அதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அவள் நடந்தாள்.

மேடை இருபதடிதான் இருக்கும். தடியை முன்னால் வைத்து, மடங்காத காலை இடுப்போடு சேர்த்து வீசி, உடம்பு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து. பலகையில் தடி விழும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. அவள் தரையைப் பார்க்கவில்லை. அவசரப்படவும் இல்லை. பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கூட்டத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தாள். எத்தனையோ ராஜாக்கள் நடந்து வரும்போது படுதா இழுத்திருக்கிறேன், எல்லாம் அட்டைக் கிரீடம். ராஜ நடை என்றால் என்ன என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் ஓரத்தை நெருங்கும்போது முன்வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. கட்டிலில் படுத்திருந்த ஒருவர் விரல் முட்டியால் தன் மாவுக்கட்டைத் தட்டினார். பக்கத்துக் கட்டிலிலும் தட்டினார்கள். மார்பிலிருந்து கால் வரை கட்டுப் போட்டவர்களால் எழுந்து நிற்கவும் முடியாது, சரியாகக் கை தட்டவும் முடியாது. அத்தனை பேரும் டொக் டொக்கென்று தங்கள் கட்டுகளைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் மண்டபம் முழுக்கக் கை தட்டியது.

நானா விரும்பிய மாதிரியே எல்லாம் நடந்துவிட்டது. ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் அவர் பக்கவாட்டுக் கதவோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். “நான் அவள நடக்கச் சொல்லியிருக்கவே கூடாது தம்பி” என்றார். ஆராய்ச்சி தொடங்கியது. டாக்டர் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் போனார். நிதிக்காக அடுத்தடுத்தும் கச்சேரிகள் நடத்தினோம். நோயாளி யாரையும் காட்சிக்கு நிறுத்தும் பேச்சை நானாவே எடுக்க விடவில்லை.

அன்றைக்குக் கூட்டம் கலைந்தபின் தேவகியைத் தேடிப் போனேன். மேடைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ரவிக்கையெல்லாம் வியர்வை. மன்னிப்புக் கேட்டேன். நல்லது நினைத்துத்தான் செய்தேன் என்று சொன்னேன். எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அபாங். ரெண்டடி தூரத்துலதானே நின்னேன்.”

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மேடையில் எல்லாம் கணத்தில் நடக்கும், யோசிக்க நேரம் இருக்காது என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஒரு மனுஷியைத் திரும்பிப் பார்த்து, என்ன செய்யட்டும் என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? படுதாவைப் போட எனக்கு ஆன நேரம்தான். பரிதாபம் நம்மை அவசரப்படுத்தும். அந்த அவசரத்தில் எதிரில் நிற்பவருக்கு வாய் இருக்கிறது என்பதே மறந்துபோகும். அந்தப் பெண்ணின் மாமாவுக்கு அவள் மேல் என்னைவிடப் பாசம் அதிகம். அதனால்தான் அவரால் அவளைக் கிண்டல் செய்ய முடிந்தது.

சில நாள் கழித்து, காலை வேளையில் காஜா பெராங் சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே தேவகி வந்தாள். பகல் வெளிச்சத்தில், தனியாக, சந்தைக்குப் போய்த் திரும்பி வருகிறாள். ஒரு கையில் தடி, மற்றக் கையில் காய்கறிக் கூடை. கூடை கனமாக இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அது அவள் முட்டியில் இடித்தது. கடைவாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்தாள்.

சைக்கிளிலிருந்து குதித்து இறங்கினேன். கை தானாகக் கூடையை நோக்கி நீண்டது. பாதியில் நிறுத்தினேன்.

“நான் தூக்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டேன்.

அவள் நின்றாள். என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

“வேணாம்” என்றாள்.

தடியை ஊன்றி என்னைத் தாண்டிப் போனாள். நான் சைக்கிளைப் பிடித்தபடி, அவள் சந்து திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாகத்தான் போனாள். கூடையை ஒரு தடவைகூடக் கீழே வைக்கவில்லை.